டிஸ்ட்ரிபியூட்டர் முன்னால் இருந்த எஞ்சின்: சன்பீம் டைகர், ஒரு நிகழ்வு ஆய்வு

சன்பீம் டைகர் காரில் எட்டு ஸ்பார்க் பிளக்குகள். ஏழை பானெட்டைத் திறந்து மாற்றிவிடலாம். எட்டாவதை மாற்ற காருக்குள் போக வேண்டும். காலடியில் கிடக்கும் கார்ப்பெட்டை விலக்கினால், எஞ்சின் அறைக்கும் உட்கார்ந்து போகும் இடத்துக்கும் நடுவிலுள்ள தகட்டில் ஒரு துளை தெரியும். ரப்பர் மூடி ஒன்று அதை அடைத்துக்கொண்டிருக்கும். அதைப் பிடுங்கிவிட்டு, நீளமான எக்ஸ்டென்ஷன் மாட்டிய பிளக் ஸ்பேனரைத் துளைக்குள் விட்டு, இடது வரிசையின் கடைசி பிளக்கைத் தடவித் தடவிப் பிடித்துக் கழற்ற வேண்டும். அமெரிக்காவுக்குப் போன கார் என்றால் அது ஓட்டுநரின் காலடி. குனிந்து, தலையை டேஷ்போர்டுக்கு அடியில் கொடுத்துச் செய்யும் வேலை.

தொழிற்சாலையில் செய்து, ஷோரூமில் வைத்து, வாரண்டியோடு விற்ற கார் இது. வீட்டு கராஜில் யாரோ ஞாயிற்றுக்கிழமை ஒட்டுப்போட்டது அல்ல. ஆனால் அந்தத் துளையைப் பார்த்தவுடனே தெரிந்துவிடும், இந்தக் காரும் இந்த எஞ்சினும் ஒன்றுக்காக ஒன்று பிறந்தவை அல்ல என்று. எஞ்சின் மாற்றுவதைப் பற்றி யோசிக்கும் எவரும் டைகரின் கதையை ஒருமுறை முழுசாகப் படிக்க வேண்டும் என்பது என் கட்சி. எஞ்சின் உள்ளே போகுமா என்ற கேள்விக்கு இங்கே ஒரே வாரத்தில் பதில் கிடைத்துவிட்டது. மற்ற எல்லாக் கேள்விகளும் வரிசையாக அதற்கு அப்புறம்தான் வந்தன.

சாதுவான கார்

இங்கிலாந்தின் ரூட்ஸ் குழுமம் 1959-இல் சன்பீம் ஆல்பைன் என்ற இரண்டு இருக்கை திறந்த காரைக் கொண்டுவந்தது. ஹில்மேன், ஹம்பர், சிங்கர், சன்பீம் என்று பல பெயர்களில் கார் விற்ற குடும்பக் கம்பெனி அது. ஆல்பைனின் அடித்தளம் ஹில்மேன் ஹஸ்கி என்ற சின்ன ஸ்டேஷன் வேகனுடையது. மேலே போர்த்திய உடம்பு மட்டும் அழகானது. பின்பக்கம் வால் துடுப்புகள், சுற்றிவிடும் கண்ணாடி ஜன்னல், மழைக்கு ஒழுகாத மேற்கூரை. அந்தக் காலத்து ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் கார்களில் ஜன்னல் கண்ணாடி சுற்றி ஏற்றுவதே ஆடம்பரம்.

எஞ்சின் முதலில் 1,494 சி.சி., அடுத்த ஆண்டு 1,592 சி.சி. நான்கு சிலிண்டர், 80 குதிரைத்திறன் அளவு. மணிக்கு 160 கிலோமீட்டரை எட்டிப்பிடிக்கவே மூச்சு வாங்கும். ஊர் சுற்ற நல்ல கார். ஆனால் இது விற்க வேண்டிய சந்தை அமெரிக்கா. கலிஃபோர்னியாவில் அகலமான நெடுஞ்சாலையில், சாதாரண குடும்பக் கார்கள்கூட எட்டு சிலிண்டர் கொண்ட பெரிய வி-8 எஞ்சினோடு பறக்கும் இடத்தில், ஸ்போர்ட்ஸ் கார் என்று பெயர் வைத்த ஒன்று பின்தங்கினால் யார் வாங்குவார்கள்?

ரூட்ஸிடம் பெரிய எஞ்சின் இல்லை. புதிதாகச் செய்ய பணமும் இல்லை. தங்கள் நான்கு சிலிண்டர் எஞ்சினைத் திருத்தித் தரும்படி ஃபெராரியிடம் பேசிப் பார்த்தார்கள். 'ஃபெராரி கைபட்டது' என்று விளம்பரத்தில் போட்டுக்கொள்ளலாம் என்ற ஆசையும் அதில் இருந்தது. அது கைகூடவில்லை. அந்தச் சமயத்தில் உலகச் சாம்பியன் பந்தய ஓட்டுநர் ஜாக் பிராபம், ரூட்ஸின் பந்தயப் பிரிவுத் தலைவர் நார்மன் கேரடிடம் ஒரு யோசனை சொன்னார்: ஃபோர்டு வி-8 ஒன்றை ஆல்பைனுக்குள் வைத்துப் பாருங்களேன். நார்மன் அதைத் தன் மகன் இயனிடம் சொன்னார். இயன் கேரட் அப்போது அமெரிக்க மேற்குக் கரையில் ரூட்ஸின் விற்பனையைப் பார்த்துக்கொண்டிருந்தவர். லாஸ் ஏஞ்சலஸில் அவருக்கு எட்டும் தூரத்தில்தான் முன்னாள் பந்தய ஓட்டுநர் கேரல் ஷெல்பி இன்னொரு ஆங்கிலேயக் காரான ஏ.சி. ஏஸுக்குள் அதே ஃபோர்டு எஞ்சினை வைத்து, கோப்ரா என்று பெயரிட்டு விற்கத் தொடங்கியிருந்தார். வழி கண்ணெதிரே இருந்தது.

மர அளவுகோல்

இந்தக் கதையில் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான். எந்த எஞ்சின் பொருந்தும் என்று கண்டுபிடிக்க கேரட் ஆராய்ச்சிக் குழு எதையும் அமைக்கவில்லை. தன் சர்வீஸ் மேனேஜர் வால்டர் மெக்கென்சியைக் கூப்பிட்டு, ஒரு மர அளவுகோலைக் கையில் கொடுத்து, ஊரிலுள்ள புதுக் கார் ஷோரூம்களுக்கு அனுப்பிவிட்டார். ஷோரூமில் நிற்கும் கார்களின் பானெட்டைத் திறந்து, எஞ்சினை நீள அகலம் அளந்துகொண்டு வருவது வேலை. வாங்க வந்தவர் இப்படிக் கோலோடு குனிந்து அளப்பதைப் பார்த்து விற்பனையாளர்கள் என்ன நினைத்தார்களோ.

மெக்கென்சி திரும்பி வந்து சொன்ன பெயர் ஃபோர்டின் 260 கன அங்குல வி-8. லிட்டர் கணக்கில் கிட்டத்தட்ட 4.3. ஏன் அதுமட்டும்? இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பின்னால் வரப்போவது எல்லாம் இதில்தான் இருக்கிறது.

முதலாவது, எடை. 1960-களின் தொடக்கத்தில் ஃபோர்டு மெல்லிய சுவர் வார்ப்பு முறையைக் கையாண்டது. வார்ப்பிரும்புதான், ஆனால் தேவையில்லாத இடத்தில் தடிமன் கிடையாது. அதனால் முழு எஞ்சினும் 200 கிலோ அளவில் அடங்கிவிட்டது. அந்நாளைய வி-8-களுக்கு இது ஒல்லி உடம்பு.

இரண்டாவது, நீளம். ஆல்பைனின் சொந்த நான்கு சிலிண்டரைவிட இது 89 மில்லிமீட்டர்தான் கூடுதல். நான்கு சிலிண்டர்களை ஒரே வரிசையில் நிறுத்தினாலும், எட்டை நான்கு நான்காக இரண்டு வரிசையில் சாய்த்து நிறுத்தினாலும் நீளம் ஏறக்குறைய ஒன்றுதானே. தலைவலி எல்லாம் அகலத்தில்தான்.

மூன்றாவது, டிஸ்ட்ரிபியூட்டர் இருக்கும் இடம். ஒவ்வொரு பிளக்குக்கும் முறை வைத்து மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் அந்த உருளையை எஞ்சினின் முன் நுனியிலும் வைக்கலாம், பின் நுனியிலும் வைக்கலாம். வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட்டிலிருந்து ஒரு பல்சக்கரம் அதைச் சுற்றினால் போதும். பின்னால் வைத்தால் எஞ்சினுக்கும் ஃபயர்வாலுக்கும், அதாவது முதலில் சொன்ன அந்த நடுத் தகட்டுக்கும், இடையில் அது செங்குத்தாக நிற்கும். அதன் மூடியைக் கழற்றி உள்ளே பாயின்ட் என்ற மின் தொடுமுனையைப் பார்க்க ஒரு கை போகிற இடமாவது விட்டாக வேண்டும். ஃபோர்டின் சின்ன வி-8-இல் அது முன்னால், ரேடியேட்டர் பக்கம் இருக்கிறது. ஆகவே எஞ்சினின் முதுகை ஃபயர்வாலோடு ஒட்டித் தள்ளிவிடலாம். அப்படித் தள்ளினால் கனம் காரின் நடுவை நோக்கி நகரும். ரேடியேட்டருக்கும் மூச்சுவிட இடம் கிடைக்கும். தள்ளியதற்கு விலை, அந்த எட்டாவது பிளக்.

ஒரு வார வேலையும் எட்டு வார வேலையும்

கேரட் ஷெல்பியிடம் கணக்குக் கேட்டார். எட்டு வாரம், 10,000 டாலர் என்று பதில் வந்தது. இந்தப் பணத்துக்கு ரூட்ஸ் குடும்பத்தின் விற்பனைத் தலைவர் பிரையன் ரூட்ஸிடம் போனார். பிரையன் சம்மதித்தார், இரண்டு ஏற்பாடுகளோடு: செலவை விளம்பரக் கணக்கில் மறைத்துவிடலாம், வண்டி தயாராகும்வரை அப்பாவுக்குத் தெரிய வேண்டாம். அப்பா என்பது லார்ட் ரூட்ஸ், கம்பெனியின் தலைவர்.

கேரடுக்கு எட்டு வாரம் பொறுக்கப் பொறுமையில்லை. பந்தய ஓட்டுநரும் கைதேர்ந்த வேலைக்காரருமான கென் மைல்ஸிடம் ஒரு பழைய வரிசை ஆல்பைனையும், ஒரு ஃபோர்டு 260-ஐயும், இரண்டே கியர் உள்ள ஒரு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸையும், 800 டாலரையும் கொடுத்தார். ஏறத்தாழ ஒரு வாரத்தில் கார் ஓடியது.

இந்த இரண்டு தொகைகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எஞ்சின் மாற்ற ஆசைப்படுகிறவர்கள் எல்லோரும் மைல்ஸின் 800 டாலரில் மயங்குகிறவர்கள்தான், நானும் உட்பட. பானெட் மூடுகிறது, சாவி திருப்பினால் உறுமுகிறது, தெருவில் ஒரு சுற்றுப் போய் வரலாம், வேலை முடிந்தது என்று தோன்றும். உண்மையில் முடிந்தது சோதனை மட்டும். எஞ்சினை உட்காரவைப்பது 800 டாலர் வேலை. அந்த எஞ்சினோடு தினமும் குடும்பம் நடத்தக் காரைச் சம்மதிக்கவைப்பது மீதி 9,200.

ஷெல்பியின் வெள்ளைக் கார் 1963 ஏப்ரலில் தொடங்கி அந்த மாதக் கடைசியிலேயே சாலைக்கு வந்தது. இதில் நான்கு கியர் கைமாற்றுப் பெட்டி, இன்னும் நறுவிசான வேலை. எஞ்சின் அறையில் ஒவ்வொரு பொருளுக்கும் இடம் இருந்தது, ஆனால் மிச்சம் ஓர் அங்குலம்கூட இல்லை என்று ஷெல்பி பிற்பாடு நினைவுகூர்ந்திருக்கிறார். கம்பெனிக்குள் அதற்கு வைத்த பெயர் தண்டர்போல்ட்.

1963 ஜூலையில் அந்தக் கார் கப்பலேறி இங்கிலாந்து போனது. தனக்குத் தெரியாமல் இவ்வளவு நடந்திருப்பது தெரிந்து லார்ட் ரூட்ஸ் கடுப்பானார். ஆனால் நானே ஓட்டிப் பார்க்கிறேன் என்று ஏறினார். இறங்கியபோது ஆள் மாறியிருந்தார். நேராக இரண்டாம் ஹென்றி ஃபோர்டிடமே பேசி, முதல் தவணையாக 3,000 எஞ்சின்களுக்குச் சொல்லிவிட்டார். வேறொரு கார் கம்பெனி ஃபோர்டிடம் ஒரே தடவையில் கேட்ட எஞ்சின் எண்ணிக்கையில் அதுவரை அதுதான் பெரியது. காரின் பெயரும் மாறியது. 1926-இல் ஹென்றி சீக்ரேவ் சவுத்போர்ட் கடற்கரை மணலில் மணிக்கு 152 மைல் வேகச் சாதனை செய்த சன்பீம் காரின் பெயர் டைகர். புதியதும் டைகர் ஆனது.

அடுத்த முடிவுதான் இந்த ஆய்வுக்கு முக்கியம். கார் 1964 ஏப்ரல் நியூயார்க் கண்காட்சியில் நிற்க வேண்டும் என்றார்கள். ஒரு புதுக் காருக்கு அன்று மூன்று நான்கு ஆண்டுகள் எடுத்துக்கொள்வது வழக்கம். இதற்குக் கிடைத்தது ஓராண்டுக்கும் குறைவு. புதுக் காராக வடிவமைக்கும் வாய்ப்பு அங்கேயே போய்விட்டது. இனி இது ஆயிரக்கணக்கில் செய்யப்படும் ஓர் எஞ்சின் மாற்றம், அவ்வளவுதான்.

சுத்தியல்

ஷெல்பி தன் பட்டறையிலேயே டைகரைச் செய்து தரலாம் என்று எதிர்பார்த்திருந்தார். ஃபோர்டோடு அவருக்கு இருந்த நெருக்கம் ரூட்ஸுக்கு உறுத்தியது. ஒவ்வொரு காருக்கும் ஒரு பங்குத் தொகை தருகிறோம் என்று அதோடு நிறுத்திக்கொண்டார்கள். ரூட்ஸின் சொந்தத் தொழிற்சாலையிலும் இடமில்லை. வேலை இங்கிலாந்தின் வெஸ்ட் பிராம்விச்சில் இருந்த ஜென்சன் என்ற கார் கம்பெனிக்குப் போனது. வோல்வோவின் பி1800 காரைக் கோத்துக்கொடுக்கும் ஒப்பந்தம் அவர்கள் கையைவிட்டுப் போயிருந்த சமயம், அதனால் ஆளும் இடமும் சும்மா இருந்தன. 1964 ஜூனில் முதல் டைகர்கள் அங்கே உருவாகத் தொடங்கின.

ஆல்பைனின் கூடு வண்ணம் அடித்து முடித்த நிலையில் ஜென்சனுக்கு வந்து சேரும். எஞ்சினும் கியர்பாக்ஸும் அமெரிக்காவிலிருந்து. அடுத்து வருவதைப் படித்தபோது முதலில் நான் நம்பவில்லை. பெயின்ட் அடித்து மினுங்கும் அந்த ஃபயர்வாலை ஒருவர் பெரிய சம்மட்டியால் அடித்து உள்ளே ஒடுக்குவார். அப்போதுதான் எஞ்சின் சறுக்கி உள்ளே போகும். ஒவ்வொரு காருக்கும். ஆயிரக்கணக்கான கார்களுக்கு.

இதைக் கேட்டுச் சிரிப்பதில் தப்பில்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் அவர்கள் செய்தது முட்டாள்தனமும் அல்ல. அந்தத் தகட்டுக்குப் புது அச்சு செய்ய மாதங்களும் பெரிய பணமும் ஆகும். சம்மட்டிக்கு சில நிமிடம். அச்சு மாற்றினால் ஆல்பைனின் கூட்டிலிருந்து டைகரின் கூடு பிரிந்துவிடும், இரண்டையும் தனித்தனியே செய்ய வேண்டிவரும். ஒரே கூட்டை வைத்துக்கொண்டு கடைசி நிமிடத்தில் அடித்துத் திருத்துவது மலிவு. வீட்டில் எஞ்சின் மாற்றுகிறவர் எந்தக் கணக்கில் கிரைண்டரைக் கையில் எடுக்கிறாரோ அதே கணக்கு.

மற்ற மாற்றங்களையும் பார்ப்போம். ஆல்பைனில் ஸ்டியரிங் பழைய சுழல் குண்டு வகை. அதன் பெட்டியும் கம்பிகளும் அகலமான எஞ்சினுக்கு வழிவிடவில்லை. அதனால் பல்சக்கரம் ஒரு பல் கம்பியை இடமும் வலமும் நகர்த்தும் ரேக் அண்ட் பினியன் வைத்தார்கள். ஆயில் ஃபில்டர் எஞ்சினின் இடது அடியில் இருந்தது. அங்கே கை போகாது என்பதால் வலது பக்கம் மேலே, டைனமோவுக்குப் பின்னால் கொண்டுபோனார்கள். பின்பக்க ஆக்சிலுக்குச் சேர்த்தது ஒரு பேனார்ட் கம்பி. ஆக்சில் முன்போலவே லீஃப் ஸ்பிரிங் பட்டைகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. திடீரென்று முறுக்குவிசை ஏறும்போதும் வளைவிலும் அது பக்கவாட்டில் நகராமல் இந்தக் கம்பி பிடித்துக்கொள்ளும். ஆக்சிலே வேறு, கனமானது. பல் விகிதம் 2.88. சின்ன எஞ்சின் கத்திக் கத்திச் சுற்ற வேண்டிய வேகத்தை இந்த எஞ்சின் முனகிக்கொண்டே தொட்டுவிடும் என்பதால் இவ்வளவு உயரமான விகிதம் வைக்க முடிந்தது. பேட்டரி இருக்கைக்குப் பின்னாலிருந்து டிக்கிக்குப் போனது.

எடைக் கணக்கு. ஆல்பைன் 1,007 கிலோ என்றால் டைகர் 1,203 கிலோ. கிட்டத்தட்ட 200 கிலோ ஏற்றம். இருந்தும் முன் அச்சில் 51.7 சதவீதம், பின்னால் 48.3. மூக்கில் பாரம் ஏறிப்போயிருக்கும் என்று எதிர்பார்ப்பவருக்கு இந்த எண் ஆச்சரியமாக இருக்கும். கனமான கியர்பாக்ஸும் ஆக்சிலும் டிக்கிக்குப் போன பேட்டரியும் இதில் உதவின. ஆனால் பெரும் பங்கு, எஞ்சினை ஃபயர்வாலில் போய் இடிக்கும்வரை பின்னால் தள்ளியதற்குத்தான் என்பது என் கணிப்பு. சம்மட்டி அடி சும்மா போகவில்லை.

மாறாமல் விட்டவை

164 குதிரைத்திறன். முறுக்குவிசை ஆல்பைனுடையதைப் போல இரண்டரை மடங்குக்கு மேல், அதுவும் நிமிடத்துக்கு 2,200 சுற்றிலேயே. மணிக்கு 60 மைல் வேகத்துக்கு 8.6 விநாடி, உச்ச வேகம் 120 மைல். இவ்வளவும் சேர்ந்த காருக்கு பிரேக் என்ன தெரியுமா? ஆல்பைனுடையதுதான். முன்னால் 9.85 அங்குல டிஸ்க், பின்னால் 9 அங்குல டிரம். சக்கரமும் அதே 13 அங்குலம். டயர் ஒல்லி. சாதாரண ஓட்டத்துக்குப் போதும் என்று அன்றைய சோதனைகள் சொன்னாலும், எஞ்சினுக்கு இணையாக வளராத பாகங்கள் இவைதான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. எஞ்சின் மாற்றிய கார்களில் திரும்பத் திரும்பப் பார்க்கிற விஷயம் இது. பணமும் உற்சாகமும் முன்பாதியிலேயே தீர்ந்துவிடும்.

ஸ்டியரிங் விஷயம் இன்னும் நுட்பமானது. கார் திரும்பும்போது உள்பக்கச் சக்கரம் சின்ன வட்டத்திலும் வெளிப்பக்கச் சக்கரம் பெரிய வட்டத்திலும் போகின்றன; ஆகவே உள்பக்கச் சக்கரம் கொஞ்சம் கூடுதலாக மடங்க வேண்டும். ஸ்டியரிங் கைகளின் கோணத்தில் இதைக் கட்டுவார்கள், அக்கர்மன் அமைப்பு என்று பெயர். டைகரில் புது ரேக் இடம் கிடைத்த இடத்தில் போய் உட்கார்ந்ததால் இந்தக் கணக்கு சரியாக விழவில்லை. வேகத்தில் பெரிதாகத் தெரியாது. கடைவாசலில் வண்டியை ஒடித்து நிறுத்தும்போது முன் டயர் தரையில் தேய்ந்து இழுபடுவது கைக்குத் தெரியும். பின்னாளில் உரிமையாளர்கள் ஸ்டியரிங் கைகளையே மாற்றிப் போட்டு இதைத் திருத்தினார்கள்.

அப்புறம் சூடு. டைகர் வைத்திருப்பவர்கள் இரண்டு பேர் சந்தித்தால் முதலில் பேசுவது இதைத்தான். அறை முழுக்க எஞ்சின்; காற்று உள்ளே வந்தாலும் வெளியே போக வழி குறைவு. நெடுஞ்சாலையில் சமாளித்துவிடும். வெயில் நேரத்தில் சிக்னலில் நின்றால் முள் ஏறும், ஓட்டுநரின் கால் வேகும். இதற்குப் பெரிய ரேடியேட்டர், விசிறியைச் சுற்றிக் கூண்டு, மின்விசிறி என்று ஆளுக்கொரு மருந்து. மிக மலிவான மருந்து ஒன்று உண்டு: ரேடியேட்டருக்குப் பக்கத்துத் தகட்டில் ஹார்னுக்காக விட்ட துளைகளை அடைப்பது. முன்னால் வரும் காற்று ரேடியேட்டருக்குள் நுழையாமல் அந்தத் துளைகள் வழியே சுலபமாகத் தப்பித்துக்கொண்டிருந்தது. அடைத்தால் வேறு வழியில்லாமல் ரேடியேட்டர் வழியே போகும். ஆல்பைனின் சின்ன எஞ்சினுக்கு இந்த ஒழுக்கு ஒரு பொருட்டே இல்லை.

இதையெல்லாம் சொல்வது டைகர் மோசமான கார் என்று நிறுவ அல்ல. 1965 மான்டே கார்லோ ராலியில் பீட்டர் ஹார்ப்பர் ஓட்டிய டைகர் பனியில் நான்காவதாக வந்தது. அதே ஆண்டு ஆல்பைன் ராலியில் முதலாவதாகவே வந்து, வால்வுகள் விதியில் சொன்ன அளவைவிடச் சின்னவை என்று பரிசு பறிபோனது. பெரியது போட்டு மாட்டிக்கொள்வார்கள், கேள்விப்பட்டிருக்கிறோம். சின்னது போட்டு மாட்டிக்கொண்ட கதை இது ஒன்றுதான் எனக்குத் தெரிந்து. 1964 லெ மான் பந்தயம் மட்டும் கைகொடுக்கவில்லை. பந்தயக் கார் கம்பெனியான லிஸ்டர் கட்டிய மூடிய கூரை டைகர்கள் இரண்டு போயின. நேர்ப்பாதையில் 157 மைல் தொட்டன. ஒன்றில் மூன்று மணி நேரத்தில் பிஸ்டன் போனது, இன்னொன்றில் ஒன்பது மணி நேரத்தில் கிராங்க்ஷாஃப்ட் உடைந்தது.

அமெரிக்காவில் டீலர்கள் வழியே கூடுதல் பாகங்கள் விற்றார்கள். லாஸ் ஏஞ்சலஸ் டைகர் என்பதைச் சுருக்கி எல்.ஏ.டி. என்று எண் போட்ட பட்டியல். நான்கு வாய் கார்புரேட்டரும் புது மேனிஃபோல்டும் போட்டால் 245 குதிரைத்திறன். பட்டைகள் முறுக்கிக்கொண்டு பின் ஆக்சில் குதிப்பதைத் தடுக்கும் கம்பிகளும் அதே பட்டியலில் இருந்தன. எது முதலில் விற்றிருக்கும் என்று கேட்க வேண்டியதில்லை.

வேறு வீட்டு எஞ்சின்

டைகரைக் கொன்றது சூடும் இல்லை, ஸ்டியரிங்கும் இல்லை.

ஜென்சனில் முதல் கார்கள் உருவாகிக்கொண்டிருந்த அதே 1964-இன் நடுவில், பணமுடையில் இருந்த ரூட்ஸில் அமெரிக்காவின் கிரைஸ்லர் பெரிய பங்கு வாங்கியது. அந்த ஆண்டு டிசம்பரில் லார்ட் ரூட்ஸ் இறந்தார். 1967-இல் கம்பெனியின் கட்டுப்பாடே கிரைஸ்லர் கைக்குப் போனது. கிரைஸ்லரின் ஷோரூமில், கிரைஸ்லரின் பரம எதிரியான ஃபோர்டின் எஞ்சினோடு ஒரு கார். முன் பக்கவாட்டில் 'ஃபோர்டு 260 இயக்குகிறது' என்று சின்னம் வேறு.

கிரைஸ்லரிடம் சொந்த வி-8 இல்லாமலா? இருந்தது. 273 கன அங்குலம், ஏறக்குறைய அதே அளவு. அதைத் தூக்கி டைகருக்குள் வைத்தால் தீர்ந்தது என்று எவருக்கும் தோன்றும். வைத்துப் பார்க்கும்போதுதான் தெரியும், அதன் டிஸ்ட்ரிபியூட்டர் பின்னால் இருக்கிறது. ஃபோர்டு எஞ்சினின் முதுகு எந்த ஃபயர்வாலில் உரசிக்கொண்டு நிற்கிறதோ, அங்கே இந்த எஞ்சினுக்கு ஒரு டிஸ்ட்ரிபியூட்டர் நிற்க வேண்டும். சம்மட்டியால் தீராத இடைவெளி அது. எடையும் ஃபோர்டைவிடக் கூடுதல். கிரைஸ்லரின் பெரிய வி-8-களில் டிஸ்ட்ரிபியூட்டர் முன்னால்தான் இருக்கும் என்பது ஒரு வேடிக்கை. ஆனால் அந்த எஞ்சின்கள் ஆல்பைனின் பானெட்டுக்குள் போக வழியே கிடையாது.

நான்கு ஆண்டுக்கு முன் மெக்கென்சியின் மர அளவுகோல் ஃபோர்டு 260-ஐக் காட்டியதற்கும், இப்போது 273 உள்ளே போகாததற்கும் காரணம் ஒன்றேதான். ஒரு குறிப்பிட்ட எஞ்சினின் உடம்புக்கு இடுக்கு இடுக்காக இடம் செய்து கொடுத்திருந்தார்கள். அந்த உடம்போடு வராத எதற்கும் அங்கே இடமில்லை. மூன்று நான்கு ஆண்டு எடுத்து முன்பகுதியைப் புதிதாக வடிவமைத்திருந்தால் இரண்டு எஞ்சின்களுக்கும் இடம் விட்டிருக்கலாம். ஆனால் அந்த நேரம் இருந்திருந்தால் டைகரே பிறந்திருக்குமா என்பது வேறு கேள்வி. பணமில்லாத கம்பெனி நான்கு ஆண்டு காத்திருக்காது.

கடைசி வரிசையான மார்க் 2-இல் ஃபோர்டின் 289 கன அங்குல எஞ்சின் வந்தது. அதே குடும்பம், அதே உடம்பு, 4.7 லிட்டர், 200 குதிரைத்திறன். ஃபோர்டு பெயர் இருந்த சின்னத்தைக் கழற்றிவிட்டு 'சன்பீம் வி-8' என்று மாட்டினார்கள். மிகச் சக்திவாய்ந்த டைகர் இதுதான், மிகக் குறைவாகச் செய்யப்பட்டதும் இதுதான். சில நூறு கார்கள். 1967 ஜூனில் உற்பத்தி நின்றது. மூன்று ஆண்டுகளில் எல்லா வரிசையும் சேர்த்து ஏழாயிரத்துச் சொச்சம்.

அல்ஜர்

கதைக்கு இன்னொரு வால் இருக்கிறது. டைகரின் விலை ஏற ஏற, ஆல்பைன் வைத்திருந்தவர்களுக்கு ஒரு யோசனை வந்தது. கூடு ஒன்றுதான், எஞ்சின் எங்கும் கிடைக்கும், அப்படியானால் நாமே ஒரு டைகர் செய்துகொண்டால் என்ன? 1963-இல் மைல்ஸ் செய்ததைத்தான் இவர்களும் செய்தார்கள். தன் ஆசைக்குச் செய்து, இது மாற்றிய கார் என்று சொல்லி ஓட்டுகிறவரிடம் யாருக்கும் சண்டையில்லை. அப்படிச் செய்த காரை அசல் டைகர் என்று விற்கும்போதுதான் வில்லங்கம். இந்த மாதிரிக் கார்களுக்கு ஆல்பைனையும் டைகரையும் கலந்து அல்ஜர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

பிரித்தறிய அமெரிக்க டைகர் உரிமையாளர் சங்கத்தார் ஒரு முறையே வைத்திருக்கிறார்கள். அனுபவப்பட்ட ஆய்வாளர்கள் காரைச் சுற்றிப் பார்த்து, அடியில் படுத்துப் பார்த்து, ஒத்துக்கொண்டால் சான்று தருவார்கள். சேஸிஸ் எண் பொறித்த தகட்டை மட்டும் பார்த்து அவர்கள் முடிவு செய்வதில்லை. தகட்டைக் கழற்றி இன்னொரு காரில் மாட்ட இரண்டு ரிவெட் போதும். ஆல்பைன் கூட்டை டைகராக்க ஜென்சனில் வெட்டியதும் ஒட்டியதும் விட்டுப்போன தடயங்களைத் தேடுகிறார்கள். அவசரத்தில் செய்த வேலைக்கு இப்படி ஒரு மதிப்பு வரும் என்று அன்று வெஸ்ட் பிராம்விச்சில் சம்மட்டி பிடித்தவரிடம் யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டார்.

அசல் டைகர் வைத்திருப்பவர்களிலும் பலர் 260-ஐக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, ஃபோர்டின் 5 லிட்டர் 302-ஐ ஏற்றியிருக்கிறார்கள். அதே குடும்பத்து எஞ்சின் என்பதால் சிரமமில்லாமல் உட்காரும். அதன் டிஸ்ட்ரிபியூட்டரும் முன்னால்தான். எட்டாவது பிளக்குக்கு மட்டும் கார்ப்பெட்டை விலக்கித்தான் ஆக வேண்டும்.